ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப்: கணக்கோடு உயிரியலா, தாவரவியல்–விலங்கியலா?

குழித்துறை:
களியக்காவிளை அரசுப் பள்ளியில பத்தாவது முடிச்ச பிள்ளை. உயிரியல்தான் வேணுங்கிறா. இயற்பியல், வேதியியலோட ஒரு குரூப்ல உயிரியல், கணக்கு; இன்னொண்ணுல தாவரவியல், விலங்கியல். எதுல சேர்க்க?

நெய்யாறு:
யோசிக்காம தாவரவியல்–விலங்கியல். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் 360 உயிரியல். கணக்குக்குச் செலவழிக்கிற நேரத்தை இயற்பியலுக்குக் கொடுங்க, பிள்ளைங்க சறுக்குறது அங்கதான்.

பொன்முடி:
அண்ணாச்சி, அவங்க கேட்டது உயிரியல். நீங்க டாக்டர் படிப்பை மட்டும் பேசுறீங்க. எல்லை தாண்டினா கேரளத்து விதுரையில ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கு, 5 வருஷ பி.எஸ்.–எம்.எஸ். நுழைவுத் தேர்வுல 60 கேள்வி: நாலு பாடத்துக்கும் தலா 15. சரியா எழுதினா 4, தப்புக்கு 1 கழியும். கணக்கு எடுக்காத பிள்ளையும் எழுதலாம்; ஆனா 240ல 60 மதிப்பெண்ணுக்கு வெறுங்கையோட உட்காரணும். பி.டெக். பயோடெக் இன்னும் மோசம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப்ல கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மதிப்பெண் அதுல சேரவே சேராது. நீட் எழுத கணக்கு–உயிரியல் குரூப்பும் போதும், பி.எஸ்சி. விலங்கியலுக்கும் போதும்.

நெய்யாறு:
பிள்ளை ஆசிரியராகணும்னா ஐசர் எதுக்கு? பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட். ஒண்ணு கவனிங்க: இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா இருக்கணும். தாவரவியல் முடிச்சு எம்.எஸ்சி.க்கு விலங்கியல் மாறினா, முதுகலை ஆசிரியர் தேர்வுல தகுதியில்லன்னு தள்ளிடுவாங்க. கேரளத்துல ஹயர் செகண்டரி ஆசிரியராக செட்ங்கிற மாநிலத் தகுதித் தேர்வும் வேணும்.

பொன்முடி:
அது சரியான எச்சரிக்கை. ஆனா ஆராய்ச்சின்னா சி.எஸ்.ஐ.ஆர். நெட்ங்கிற தேசியத் தகுதித் தேர்வு, அதுக்கு எம்.எஸ்சி.யில 55 சதவீதம் வேணும். 200 மதிப்பெண்ல பாதி, சி பகுதியோட 25 கேள்விக்கு. மரபியல் நிகழ்தகவு, கை-வர்க்கச் (chi-square) சோதனை, என்சைம் வேகம் எல்லாம் கணக்குதான். லேப்லயும் அப்படியே. 10 மடங்கு செறிவுள்ள பஃபர் கரைசலை 500 மி.லி. ஒரு மடங்காக்க, 50 மி.லி.யோட 450 தண்ணி. 50ஐ 500ல ஊத்தினா மொத்தம் 550 ஆகி, கரைசல் நீர்த்துப்போகும்.

நெய்யாறு:
பஃபர் பத்தாம் வகுப்பு விகிதக் கணக்கு, அதுக்கு ப்ளஸ் டூ வேண்டாம். நிகழ்தகவுக்கு வேணும், ஒத்துக்கிறேன்.

ஆரியங்காவு:
குழித்துறை அக்கா, எந்த குரூப் எடுத்தாலும் பிள்ளையைக் கேரளத்துப் பாறசாலைப் பள்ளிக்கு மாத்திடாதீங்க. மருத்துவத்துல 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். பாக்கி ரெண்டு வருஷத்தை அங்க படிச்சா அது போச்சு.