கடற்கன்னி நுரையாகிறாள்: கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டாமா?

உப்புக்காற்று:
டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையை என் மகளுக்காகத் தமிழாக்கி வருகிறேன். அவளுக்கு எட்டு வயது. இரவுக்கு ஒரு பக்கமாக வாசித்துக் காட்டி, கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். நாவைக் கொடுத்து மனிதக் கால்கள் பெற்றுக் கடற்கன்னி தேடி வந்த இளவரசன் வேறொருத்தியை மணந்துகொண்டான். அக்காமார் தங்கள் கூந்தலைக் கடல் சூனியக்காரியிடம் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். விடிவதற்குள் அவன் நெஞ்சில் அதைப் பாய்ச்சினால் தங்கை மீன்வாலோடு மறுபடி கடலுக்குத் திரும்பலாம். அவள் கத்தியை அலையில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள். உடல் நுரையாகக் கரைகிறது.

அங்கே நிறுத்திவிட்டேன். மீதியைத் தமிழில் எழுதவே போவதில்லை. காற்றின் புதல்வியர் வந்து அவளை ஏந்திக்கொள்கிறார்களாம். முந்நூறு ஆண்டுகள் நற்செயல் புரிந்தால் அழியாத ஆன்மா கிடைக்குமாம். நல்ல குழந்தையைக் கண்டு அவர்கள் புன்னகைத்தால் ஓராண்டு குறையும்; கெட்ட குழந்தையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு நாள் கூடும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடல் முடித்துவைத்த கதையை ஏன் ஒரு நல்லொழுக்க வகுப்பாக மாற்ற வேண்டும்?

கலங்கரை:
அம்மா, முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பாடம் நடத்தியவன் நான். ஒரு படைப்பின் வாலை வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது. கதையின் முதல் பத்தியைத் திரும்பப் படியுங்கள். நங்கூரக் கயிறு எட்டாத ஆழம். அடியிலிருந்து நீர்மட்டத்தைத் தொடப் பல தேவாலயக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும் என்கிறார் ஆண்டர்சன். ஆழத்தை அளக்க அவருக்குக் கிடைத்த கோல் கோபுரம். நடுவில் பாட்டி சொல்வதென்ன? நமக்கு முந்நூறு ஆண்டு ஆயுள், பிறகு வெறும் நுரை. மனிதருக்கோ ஆயுள் குறைவு, ஆனால் ஆன்மா அழிவதில்லை. அந்தப் பெண் ஏங்குவது இளவரசனுக்காக மட்டுமா? அவள் கேட்பது சாகாத ஒன்றை.

ஜெர்மானிய எழுத்தாளர் ஃபூக்கே 1811இல் எழுதிய ‘உண்டீன்’ கதையில் நீர்ப்பெண்ணுக்கு ஆன்மா கிடைப்பது ஒரு வீரனை மணப்பதால். ஆண்டர்சனுக்கு அது பிடிக்கவில்லை. இன்னொருவர் காதலிப்பதையோ காதலிக்காததையோ நம்பி ஓர் உயிரின் மீட்சி இருக்கக் கூடாது என்ற கருத்தைத் தம் நண்பர் இங்கெமானுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே சொன்னார். நுரையோடு நிறுத்தினால் என்ன மிஞ்சும்? அவன் காதலிக்கவில்லை, இவள் அழிந்தாள். ஆண்டர்சன் மறுத்த அதே கதைதான்.

உப்புக்காற்று:
ஐயா, ஆசிரியர் நினைத்தது வேறு, கதை செய்வது வேறு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கதை படிப்பதில்லை.

கோபுரத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த வரியில் ஏற்கெனவே தவறு செய்திருக்கிறேன். எங்கள் கரையில் ஆழத்தைப் பாகம் என்ற கணக்கில்தான் சொல்வார்கள். ‘பல நூறு பாகம்’ என்று எழுதிவிட்டேன். அதைத் திருத்திவிடுகிறேன்.

ஆனால் ஆன்மா? பாட்டி பேசும் இடத்தை வாசித்ததும் என் மகள், “மீனுக்கு உயிர் இல்லையா அம்மா?” என்றாள். ‘அழியாத ஆன்மா’ என்றுதான் எழுதியிருந்தேன். அவள் காதில் அது ‘உயிர்’ என்றே விழுந்தது. நான் என்ன சொல்ல? ஓரறிவுயிர், ஈரறிவுயிர் என்று புல்லையும் கணக்கில் சேர்த்த மொழி இது. எறும்புக்கும் ஆன்மா உண்டு என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, பாடவும் காதலிக்கவும் தெரிந்த ஒருத்திக்கு ஆன்மா இல்லை என்பது கொடுமையாகத்தான் படும். முதலில் இல்லை என்று பறித்துவிட்டு, பிறகு நல்லவளாக நடந்தால் தருகிறேன் என்பதில் என்ன அருள் இருக்கிறது?

நள்ளிரவுப்படகு:
இருவரும் ஆன்மாவிலேயே நிற்கிறீர்கள். ஆண்டர்சன் மிகவும் நேசித்த நண்பர் எட்வர்ட் கொலின் 1836இல் மணம் முடித்தார். அடுத்த ஆண்டு இந்தக் கதை வருகிறது. மனத்தில் உள்ளதைச் சொல்ல நாவில்லாமல், அடுத்தவர் திருமணத்தைப் பார்த்து நிற்கும் பெண் யார் என்று இன்னுமா தெரியவில்லை?

கலங்கரை:
தம்பி, தெரியும். அந்த வலி கதையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் துயரம் கதைக்கு விதையாகலாம்; மரத்தை விதைக்குள் திரும்ப அடைக்க முடியாது.

அம்மாவின் கேள்விதான் கனமானது. அது கொடுமையாகப் படுவது நியாயமே. ஆனால் அந்தக் கொடுமையை ஆண்டர்சன் உண்டாக்கவில்லை, அந்தக் கரையின் பாட்டுகளிலேயே அது இருந்தது. டேனிஷ் நாட்டுப்பாடல் ஒன்றில் ஆக்னெட்டே என்ற மனிதப்பெண் கடல்மனிதனை மணந்து நீருக்கடியில் பிள்ளைகள் பெற்று வாழ்கிறாள். ஒரு நாள் தேவாலய மணி கேட்கிறது. கரையேறியவள் திரும்பவே இல்லை. அவளைத் தேடிக் கடல்மனிதன் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள திருவுருவங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதே சோகத்தைத்தான் ஆங்கிலக் கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் 1849இல், கைவிடப்பட்ட கடல்மனிதன் தன் பிள்ளைகளை அழைத்துப் பேசும் கவிதையாக எழுதினார். கடற்கன்னிக் கதைக்கு முன்பே ஆண்டர்சனும் ஆக்னெட்டேயை நாடகக் கவிதையாக்கிப் பார்த்திருக்கிறார். திருவுருவங்கள் முகம் திருப்பிய இடத்தில், கடலில் பிறந்தவளுக்கு ஒரு வழி திறந்துவிட்டவர் அவர். அந்த வழி இருப்பது நீங்கள் வெட்டப்போகும் இரண்டு பக்கங்களில்தான்.

உங்கள் மகளுக்குப் புரியாத நம்பிக்கை அது. புரியாமலே இருக்கட்டுமே. “அந்த ஊரில் அப்படி நம்பினார்கள்” என்று சொன்னால் எட்டு வயதுக்குத் தாங்கும்.

பவளக்கொடி:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இந்தக் கதையின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. சூனியக்காரி அவள் நாவை அறுக்கிறாள். கரையில் கிடப்பவளிடம் இளவரசன், நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறான். அவளால் கண்ணால் மட்டுமே பார்க்க முடிகிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நற்றிணையின் 155ஆம் பாட்டு நினைவுக்கு வரும். தோழியரோடு விளையாடாமல், நெய்தல் மாலையும் தொடுக்காமல் கானலில் ஒதுங்கி நிற்கும் பெண்ணிடம் தலைவன் கேட்கிறான்: “தெண்திரைப் பெருங்கடல் பரப்பின் அமர்ந்துறை அணங்கோ?” பெருங்கடலில் வாழும் தெய்வப்பெண்ணா நீ, சொல், மடந்தை என்று வேண்டுகிறான். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முறுவல் திறக்கிறது, கண்ணில் நீர் பரவுகிறது. பாட்டு முடிந்துவிடுகிறது.

இரண்டுக்கும் உறவு உண்டு என்று சொல்லவில்லை. கடலோரத்தில் பேசாமல் நிற்கும் பெண்ணுக்குக் கண்ணீராவது இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆண்டர்சனின் பெண்ணுக்கு அதுவும் இல்லை. கடற்கன்னிக்குக் கண்ணீர் கிடையாது, அதனாலேயே அவள் படும் துன்பம் அதிகம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறார். உப்புக்காற்று அக்கா, நீங்கள் விட்டுவிட்ட பக்கத்தை ஒருமுறை பாருங்கள். காற்றோடு எழும் அவள் சூரியனை நோக்கிக் கைகளை உயர்த்துகிறாள். வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணீரை உணர்கிறாள். நுரையோடு நிறுத்தினால் அவள் அழாமலே போய்விடுவாள்.

உப்புக்காற்று:
பவளக்கொடி, அந்த வரியை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். கோபத்தில் கண்ணில் படவே இல்லை. நேற்றிரவு மீதிப் பகுதி முழுவதையும் மகளுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். கண்ணீரைச் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் மணப்பெண்ணின் நெற்றியில் முத்தமிட்டு, இளவரசனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அவள் மேகத்தோடு போவதையும் சொன்னேன். அதுவரை எழுதுகிறேன். நுரையோடு முடிய வேண்டும் என்றது என் பிழை.

ஆனால் அந்தக் கடைசிப் பத்தி பற்றி என் எண்ணம் மாறவில்லை, ஐயா. கேட்டு முடித்ததும் அவள் வெகுநேரம் தூங்கவில்லை. “தம்பியை அடித்தேனே, அதற்கு எத்தனை நாள் கூடியிருக்கும்?” என்று இருட்டில் கேட்டாள். ஒரு துயரத்தை நீட்டித்த பழியைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது கதை செய்யக்கூடாத வேலை.

கலங்கரை:
குழந்தை தூங்காமல் கிடந்தாள் என்று படித்ததும் எனக்கும் மனம் கனத்தது. அவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு துளி கண்ணீருக்கு ஒரு நாள்தான். ஒரு புன்னகைக்கு முழு ஆண்டு. ஒரு முறை தம்பியோடு அவள் சேர்ந்து விளையாடினால் முந்நூற்று அறுபத்தைந்து துளிகள் அழிந்துவிடும். ஆண்டர்சன் தராசைக் குழந்தையின் பக்கமே சாய்த்து வைத்திருக்கிறார். யாராலும் காப்பாற்ற முடியாத ஒருத்தியை, கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையால் ஓராண்டு முன்னதாகக் கரைசேர்க்க முடியும் என்கிறார். அந்தப் பத்தியை எடுத்தால் உங்கள் மகளின் கையில் இருப்பதையும் எடுக்கிறீர்கள்.

உப்புக்காற்று:
இப்படிக் கணக்கிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இன்றிரவு சொல்கிறேன், ஐயா. என்ன சொன்னாள் என்று நாளை இங்கே எழுதுகிறேன். பத்தியை இன்னும் தமிழில் எழுதவில்லை. தாளில் அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.