1965 எம்ஜிபி: சாலையில் இறக்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற 1965ஆம் ஆண்டு எம்ஜிபி காரை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் பிரேக் மிதியை விட்ட பின்னும் முன்சக்கரம் ஒன்று இறுகியே நிற்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1: பிரேக்கிலிருந்தே தொடங்குங்கள். பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ் (குழாய்) வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்வதால், மிதிக்கும்போது சென்ற பிரேக் ஆயில் திரும்ப வழியின்றிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரின் (பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் வட்டில் அழுத்தும் பகுதி) ப்ளீடிங் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகை, சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் ஹோஸ்தான் காரணம், விடுபடாவிட்டால் காலிப்பருக்குள் கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். எதுவானாலும் ஹோஸ்கள் அனைத்தையும், ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 2: இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவ்வாண்டு வண்டிகளில் நேர்முனையே பாடியோடு இணைந்தது, மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்: நிப்பிளைத் தளர்த்தியதும் சக்கரம் கையாலேயே சுழன்றது. ஹோஸ்களை வாங்கிவிட்டேன், மிக்க நன்றி.