உதவி: ‘இன்னும் வெளிப்படாத’ என்பதற்கு ஆங்கிலத்தில் எது? லேட்டன்ட், டார்மன்ட், பொட்டென்ஷியல் குழப்பம்

ஆம்பூர்_கடிதம்:
வணக்கம். ஷூ ஏற்றுமதி யூனிட் ஒன்றின் கடிதத்தை ஆங்கிலமாக்க வேண்டும். தமிழில் ஐந்து இடத்திலும் ‘இன்னும் வெளிப்படாத’ என்றே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் லேட்டன்ட் என்று போட்டு அனுப்பியதில், முதல் வரிக்கே வாங்குபவர் தரப்பு விளக்கம் கேட்டுவிட்டது. அந்த இடங்களில் சொல்ல வந்த விஷயங்கள் இவை:

1. தோலில் இன்னும் வெளிப்படாத குரோம் ஆறு (குரோமியத்தின் கேடான வடிவம்)
2. பேக்கிங்கில் தெரியாமல், போட்டு நடந்த பிறகு வாய் பிளக்கும் ஸோல்
3. மூன்று வருடமாக ஆர்டர் தராத பழைய வாடிக்கையாளர்
4. சாம்பிளும் விலையும் கேட்டிருக்கும் புது வாடிக்கையாளர்
5. வெட் ப்ளூ தோலில் (குரோமில் பதனிட்டு ஈரமாகவே இருக்கும் நீலத் தோல்) இப்போதுதான் தலைகாட்டும் பூஞ்சை

எதற்கு எது பொருந்தும்?

காட்பாடி_இலக்கணம்:
1, 2 இரண்டுக்கும் லேட்டன்ட் சரிதான். லத்தீனில் ‘ஒளிந்து கிடப்பது’ என்று பொருள். 3க்கு டார்மன்ட், 4க்கு பொட்டென்ஷியல், 5க்கு நேசன்ட் போடுங்கள்.

ராணிப்பேட்டை_வெட்ப்ளூ:
சார், முதல் வரிக்கு லேட்டன்ட் கூடவே கூடாது. அந்தச் சொல்லுக்கு ‘பொருள் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை’ என்று அர்த்தம். லேட்டன்ட் டிபி என்று டாக்டர் சொன்னால் கிருமி உடம்புக்குள் இருக்கிறது. அறிகுறி இல்லை, அடுத்தவருக்குப் பரவாது, ஆனாலும் கிருமி உண்டு. அதே மாதிரி ‘லேட்டன்ட் குரோம் சிக்ஸ்’ என்று எழுதினால், தடை செய்த பொருள் சரக்கில் இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். சருமத்தில் படும் தோல் பொருளுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதே வரம்பு. விளக்கம் கேட்காமல் எப்படி இருப்பார்கள்?

நடப்பது வேறு. பதனிடும்போது போடுவது குரோம் மூன்று. ஃபேட்லிக்கரில் (தோலை மென்மையாக்கப் போடும் எண்ணெய்க் கலவை) உள்ள சில எண்ணெய்கள், வெயில், சூடு எல்லாம் சேர்ந்தால் பின்னாளில் அதில் ஒரு பகுதி குரோம் ஆறாக மாறலாம். இன்றைக்கு அது இல்லை, உண்டாகும் வாய்ப்பு மட்டும் இருக்கிறது. அதற்குச் சொல் பொட்டென்ஷியல். அந்த வாய்ப்பைச் சோதிக்கத்தான் தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, பிறகு டெஸ்ட் எடுக்கிறார்கள். வெஜிடபிள் டேனின் (தாவரத் துவர்ப்புச் சத்து) கொடுத்து ரீடேன், அதாவது இரண்டாம் முறை பதனிடல், செய்தால் அந்த வாய்ப்பு குறையும்; செய்திருந்தால் அதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

2க்கு லேட்டன்ட் டிஃபெக்ட் மிகச் சரி. ஸோல் ஒட்டும் முன் தோலைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங்கில் மேல்பூச்சைச் சரியாகச் சுரண்டாமல் பசை போட்டால், பசை பூச்சைப் பிடிக்குமே தவிரத் தோலைப் பிடிக்காது. குறை அன்றைக்கே உள்ளே உட்கார்ந்துவிட்டது, நியாயமான பரிசோதனையில் தெரியாது. சட்டத்தில் இதற்கு எதிர்ச்சொல் பேட்டன்ட் டிஃபெக்ட், அதாவது பார்த்த உடனே தெரிகிற குறை.

காட்பாடி_இலக்கணம்:
ஒப்புக்கொள்கிறேன். முதல் வரிக்கு நான் சொன்னது தவறு.

போளூர்_மணிலா:
டார்மன்ட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நம்ம ஊர் மணிலாவை (நிலக்கடலை) வைத்தே புரிந்துகொள்ளலாம். கொடி ரகத்துக்கு விதை உறக்கம் உண்டு. அறுவடை நேரத்தில் மழை பெய்தாலும் சட்டென்று முளைக்காது. கொத்து ரகங்களில் பலவற்றுக்கு அந்த உறக்கம் கிடையாது, பிடுங்கத் தாமதமானால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். டார்மன்ட் என்பது அந்த உறக்கம்தான். உயிர் இருக்கிறது, வேலை மட்டும் நின்றிருக்கிறது, எழுப்பினால் எழும். அதனால் முன்பு ஆர்டர் தந்து இப்போது நின்றுபோன வாடிக்கையாளருக்குப் பொருந்தும். ஸோல் குறைக்கு டார்மன்ட் போட்டால் ‘முன்பு ஒரு தடவை பிளந்து அடங்கியதா?’ என்ற கேள்வி வரும்.

பாலாற்றங்கரை:
4, 5 இரண்டையும் மாற்ற வேண்டும், அம்மா/ஐயா.

4: தோல் ஷூ வாங்கக்கூடிய கடைக்காரர் எவரும் பொட்டென்ஷியல் பையர்தான். சாம்பிள் கேட்டு, விலை கேட்டு, நம் பக்கம் முகம் திருப்பியவர் ப்ராஸ்பெக்டிவ் பையர். உங்கள் ஆள் இரண்டாவது வகை. அவரை பொட்டென்ஷியல் என்றால் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கும்.

5: நேசன்ட், இன்சிபியன்ட் இரண்டும் ‘தொடங்கிவிட்டது’ என்பவைதான். ஆனால் நேசன்ட்டில் பிறப்பு இருக்கிறது. வளரட்டும் என்று நினைக்கும் தொழிலுக்கும் இயக்கத்துக்கும் சொல்வார்கள். பூஞ்சை, விரிசல், கண்புரை மாதிரி முளையிலேயே கிள்ள வேண்டியவற்றுக்கு இன்சிபியன்ட். இன்னொரு எச்சரிக்கை: பூஞ்சை உண்மையில் தொடங்கியிருந்தால்தான் இன்சிபியன்ட். மழைக்காலத்தில் வரக்கூடும் என்ற பயம் மட்டுமென்றால் ‘ரிஸ்க் ஆஃப் மோல்ட்’ போதும்.

ஆம்பூர்_கடிதம்:
ரொம்ப நன்றி. அகராதியில் இன்கோயேட் என்றும் ஒன்று இருக்கிறதே, அது எங்கே வரும்?

பாலாற்றங்கரை:
உங்கள் கடிதத்தில் வராது. தொடங்கி, உருவம் பெறாமல் அரைகுறையாக நிற்பது அது. கையெழுத்து மட்டும் போட்டுத் தொகையை எழுதாமல் விட்ட புரோநோட்டு நல்ல உதாரணம். 1881ஆம் வருட செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதை அந்தப் பெயரில்தான் குறிக்கிறது. குழப்பம் என்று பொருள் தரும் கேயாஸோடு உறவு உள்ள சொல் என்று பலர் நினைக்கிறார்கள், உறவே இல்லை.

ஆம்பூர்_கடிதம்:
முதல் வரியை ‘தி லெதர் ஹேஸ் எ பொட்டென்ஷியல் குரோமியம் சிக்ஸ்’ என்று மாற்றலாமா?

ராணிப்பேட்டை_வெட்ப்ளூ:
வேண்டாம். அதிலும் ‘ஹேஸ்’ வந்து, இருக்கிறது என்றே படிப்பார்கள். ‘குரோமியம் சிக்ஸ் வாஸ் நாட் டிடெக்டெட், இட் மே ஃபார்ம் ஆன் ஏஜிங்’ என்று வினைச்சொல்லால் எழுதுங்கள். முதல் பாதியை லேப் ரிப்போர்ட்டில் அப்படியே இருந்தால் மட்டும் எழுதுங்கள், ரிப்போர்ட் எண்ணையும் தேதியையும் பக்கத்திலேயே போடுங்கள்.