சாமி கும்பிடாதவர்கள் உள்ளூரில் கூடுவது: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூரிலிருந்து:

எங்கள் ஊரில் கடவுள் நம்பிக்கை இல்லாத இருபது, இருபத்தைந்து பேர் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். நண்பர் ஒருவரின் டியூஷன் சென்டர் மொட்டை மாடிதான் இடம். ஐந்து வருடம் ஆகிறது. நம் ஊரிலும் இப்படி ஆரம்பிக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதல் வருடம் முழுக்கப் பேச்சுதான். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். கடவுள் மறுப்புப் பேச்சுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1880களிலேயே சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற நாத்திகப் பத்திரிகை நடத்தினார்கள். 1925-ல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் வந்தது. எங்கள் அப்பா காலத்தில் தேரடியில் நின்று கேட்ட பேச்சையே மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது கூட்டத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. எங்களில் ஒருவர் எல்லோர் முன்னாலும், "நம்பிக்கை இல்லை என்கிறீர்கள், இதை ஏன் இன்னும் கழற்றவில்லை?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்து மழுப்பிவிட்டு, டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் போன் செய்தேன். "வீட்டில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தினம் பதில் சொல்கிறேன் சார். அங்கேயும் வந்து பதில் சொல்லணுமா?" என்றார். அப்புறம் அவர் வரவே இல்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. யார் என்ன கட்டியிருந்தாலும் பூசியிருந்தாலும் அதைப் பற்றிக் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

இரண்டாவது சம்பவம் ஒரு சாவு. எங்களோடு வரும் ஒரு பெண்ணின் அப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், உடற்கொடைக்கு எழுதி வைத்திருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு இறந்துபோனார். விடியும் முன்னே ஆறு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். அப்பா எழுதி வைத்தது மட்டும் போதாது. வாரிசுகள் சம்மதிக்கவில்லை என்றால் மருத்துவக் கல்லூரியில் உடலை வாங்க மாட்டார்கள். மகளும் மகனும் சம்மதம்தான். சித்தப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, "கொள்ளி போடாம அனாதைப் பொணம் மாதிரி அனுப்பப் போறீங்களா?" என்று சத்தம் போட்டார்.

பேச ஆள் இருந்தது. ஆனால் யாரும் அவரிடம் வாதம் செய்யவில்லை. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் ஒருவர் கண் வங்கிக்குப் போன் போட்டார். ஒருவர் டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கி, ஆதார் நகல் எடுக்கக் கடை திறக்கும்வரை காத்திருந்தார். இரண்டு பேர் நாற்காலி இறக்கினார்கள். நானும் இன்னொருவரும் வந்த சொந்தங்களுக்குக் காப்பி கொடுத்தோம். சித்தப்பா வாய்க்கரிசி போட வேண்டும் என்றார். மகள், "போடட்டும், அவருக்கு அண்ணன்" என்றாள். நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

இதை எங்களில் இரண்டு பேர் சமரசம் என்று பின்னால் கோபித்துக்கொண்டார்கள். என் கருத்து வேறு. அது அவள் அப்பா, அவள் வீடு. நாங்கள் போனது தோள் கொடுக்க. பதினாறாம் நாள் கருமாதிக்குப் பதில் படத்திறப்பு வைத்தாள். சித்தப்பா வந்தார். யாரிடமும் பேசவில்லை. பந்தி ஆரம்பித்ததும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறத் தொடங்கினார்.

நாகர்கோவிலிலிருந்து:

நான் கிறிஸ்தவ சபையில் பிறந்து வளர்ந்தவள். நம்பிக்கை போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெளியே வந்த பிறகு எனக்குக் குறைந்தது என்ன தெரியுமா? பாட்டு. பாடகர் குழுவில் பதினெட்டு வருடம் ஆல்டோ பாடியவள் நான். அப்புறம் அசனப் பண்டிகை. ஊரே உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடும். "மக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்க இருபது பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் தனியாக இருப்பது முதல் ஒரு வருடம் தாங்கவே முடியவில்லை.

இங்கே ஒன்பது பேர்தான் கூடுகிறோம். நான் கேட்டது இரண்டே விஷயம்: சேர்ந்து சமைக்க வேண்டும், சேர்ந்து பாட வேண்டும். பாரதிதாசன் பாட்டுகளுக்கு மெட்டு போட்டுப் பாடுகிறோம். ஸ்ருதி சேர இன்னும் நாளாகும்.

என் மகள் இந்துவாகப் பிறந்த பையனைக் கட்டிக்கொண்டாள். சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய 1967 சட்டத் திருத்தம் இரண்டு பேரும் சட்டப்படி இந்துவாக இருந்தால்தான் பொருந்தும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி, பதிவு அலுவலகத்தில் நடத்தினோம். மூன்று சாட்சி வேண்டும். சொந்தத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட வரவில்லை. எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் வந்து போட்டார்கள். மற்றவர்கள் எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

இங்கே நிலைமை வேறு. 2017 மார்ச்சில் எங்கள் ஊரில் கடவுள் மறுப்பாளர் ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்கள். புதிதாகக் கூடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. எனக்கு மிஞ்சிப்போனால் பெரியப்பா பேச மாட்டார். சிலருக்கு வீடு போகும், வேலை போகும், உயிரே போகும்.

அதனால் எங்கள் கூட்டத்தில் போட்டோ எடுப்பதே இல்லை. வாட்ஸ்அப் குழுவிலும் சேரச் சொல்ல மாட்டோம். சேர்ந்தால் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பையன் நான்கு மாதம் பெயர் சொல்லாமலே வந்தான். யாரும் கேட்கவில்லை, 'தம்பி' என்றுதான் கூப்பிட்டோம். ரம்ஜான் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய டிபன் கேரியரோடு வந்தான். "அம்மா பண்ணது, நண்பர்களுக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்" என்றான். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே பெயரைச் சொன்னான்.

சேலத்திலிருந்து:

தஞ்சாவூர் அண்ணன் சொன்ன மாதிரிதான், ஆள் துணைதான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் என் மகளைச் சேர்க்கும்போது மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். நிரப்பாமல் சேர்க்க முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். விருப்பம் இல்லாதவர்கள் சாதி, மதம் இரண்டையும் குறிப்பிட வேண்டியதில்லை என்று 1973-லும் 2000-லும் தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. தனியாகப் போனபோது இதை எடுத்துச் சொல்லியும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறை குழுவிலிருந்து நான்கு பேர் நகலோடு கூட வந்தார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். சாதியையும் விட்டுவிட்டால் பின்னால் அந்தப் பிள்ளைக்கு இட ஒதுக்கீடு கேட்க முடியாமல் போகும். சலுகையை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கொள்கைக்காக விட்டுவிடு என்று நாம் சொல்லக் கூடாது. எங்களிடம் வரும் பெற்றோருக்கு இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நகலைக் கையில் கொடுக்கிறோம்.

நாகர்கோவில் அக்கா, அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்புவீர்களா? இங்கே பாடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.