பக்கவாதம் வந்த அப்பா, இரண்டாவது மாடி, வரப்போகும் மழை: என்ன ஏற்பாடு செய்வது?

கேள்வி (வேளச்சேரியிலிருந்து)
அப்பாவுக்கு 71 வயது. போன மார்கழியில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. லிஃப்ட் கிடையாது. 2023 மிக்ஜாம் புயலில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்போது அப்பாதான் இடுப்பளவுத் தண்ணீரில் போய்ப் பால் வாங்கி வந்தார். இந்த முறை அம்மாவும் நானும்தான், பகலில் அம்மா மட்டும். அப்படி ஒரு மழை வந்தாலோ, ராத்திரியில் இன்னொரு ஸ்ட்ரோக் வந்தாலோ என்ன செய்வது? தூக்கமே வரவில்லை.

பதில் 1
தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகு இறக்கலாம் என்று இருக்காதீர்கள், என் அம்மா விஷயத்தில் நாங்கள் செய்த தப்பு அது. ரெட் அலர்ட் சொன்ன அன்றே மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். உறுதியான கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்க வேண்டும். வெயில் நாளில் காலி நாற்காலியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள், எங்கள் மாடித் திருப்பத்தில் அது நுழையவே இல்லை. வலது கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். படுக்கைப்புண் வராமல் இருக்க மோட்டாரில் காற்று ஏறும் ஏர் பெட் என்றால் கரண்ட் போனதும் காற்று இறங்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். இரண்டு வார மாத்திரையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் தண்ணீர் புகாத கவரில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

பதில் 2 (நர்ஸாக இருக்கிறேன்)
ஏற்கெனவே பேச்சும் ஒரு பக்கமும் போனவருக்கு அடுத்த ஸ்ட்ரோக்கைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில் முகம், இடது கை, உட்காரும் விதம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். இடது கை தொய்ந்தால், வாய் புதிதாகக் கோணினால், எழுப்பியும் கண் திறக்காவிட்டால் உடனே 108. கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கணக்கு. 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இப்போதே விசாரியுங்கள். ஸ்ட்ரோக் வந்த அந்த நேரத்தில் வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேனில்தான் தெரியும்.

கேட்டவர்
ரொம்ப நன்றி. வீடியோ இன்றே எடுத்துவிட்டேன். கீழ் வீட்டு அண்ணனிடம் ஒரு சாவி கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் நாற்காலியை இறக்கிப் பார்க்கப் போகிறோம்.