கூடத்துக்கு 55 இஞ்ச் போதுமா, 65 வேண்டுமா?

மூலைநாற்காலி:
பழைய டிவி கண்ணை மூடிவிட்டது. கூடத்தில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் 9 அடி. மகன் 65 இஞ்ச்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு 55 போதும் என்று படுகிறது. படுக்கையறைக்கும் ஒன்று வேண்டும், தலையணையிலிருந்து 7 அடி.

அகலத்திரை:
என் ஓட்டு மகனுக்கு. 55, 65 என்பதெல்லாம் மூலைக்கு மூலை அளவு. கண்ணுக்கு முக்கியம் அகலம்: 55க்கு 122 செ.மீ., 65க்கு 144. 9 அடியில் 55 உங்கள் பார்வையில் 25 டிகிரியை நிறைக்கும், 65 ஏறத்தாழ 30ஐ. படம் பார்க்க 30 டிகிரியாவது வேண்டும் என்பதுதான் பரவலான கணக்கு. 40 வரை போகச் சொல்பவர்களும் உண்டு.

நிதானம்:
அது விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுடைய கணக்கு ஐயா. பல வீட்டுக் கூடங்களில் நாள் முழுக்க ஓடுவது செய்தியும் சீரியலும். 576 வரி மட்டுமே உள்ள, தெளிவு குறைந்த எஸ்டி சேனலை 65இல் இழுத்துப் போட்டால் செய்தி வாசிப்பவர் முகம் மாவு அப்பியதுபோல் இருக்கும். கீழே ஓடும் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும்.

அகலத்திரை:
55இல் மட்டும் பளிங்கு மாதிரி தெரியுமா? நல்ல கண் 9 அடியிலிருந்து 0.8 மி.மீ. வரை பிரித்துப் பார்க்கும். எஸ்டி படத்தின் ஒரு வரி 55இல் 1.2 மி.மீ., 65இல் 1.4. பிசிறு இரண்டிலும் தெரியத்தான் செய்யும். அதே 9 அடியில், மிகத் தெளிவான 4கே வகைத் திரை என்றால் 55இல் ஒரு புள்ளி 0.3 மி.மீ.தான். அதற்குக் கொடுத்த காசு கண்ணுக்கே எட்டாது.

நிதானம்:
சரி, உங்கள் கணக்கையே 65க்கும் போடுவோம். 4கேக்கு ஒரு படி கீழான முழு எச்டியின் புள்ளியே அதில் 0.75 மி.மீ. அதுவும் 0.8க்குக் கீழே. ஆக 4கே காசு அங்கேயும் வீண்தான். 65க்கு இது ஒரு வாதமே இல்லை.

அகலத்திரை:
ஒப்புக்கொள்கிறேன், புள்ளிக் கணக்கை விட்டுவிடுங்கள். அகலக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

அளவுநாடா:
நிற்கவில்லை! 9 அடி என்று அவர் சொன்னது சுவர் வரைக்கும். டிவியை மேசையில் வைத்தால் திரை சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் வந்துவிடும். மிச்சம் 8 அடி. அந்தத் தூரத்தில் 55 இஞ்சே 28 டிகிரி வந்துவிடும், 65 என்றால் 33. மாட்டப் போகிறீர்களா, மேசையா என்று கேட்காமலே இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள்.

இன்னொன்று. மாட்டுவதானால் உச்சியில் மாட்டாதீர்கள், திரையின் நடு உட்கார்ந்தவர் கண்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். மேலே கொண்டுபோனால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதற்கு எந்த இஞ்சும் மருந்தில்லை. வாங்குமுன் 144க்கு 81 செ.மீ. அளவில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிவைத்து ஓரிரு நாள் எதிரில் உட்கார்ந்து பாருங்கள்.

மூலைநாற்காலி:
மேசைதான். மாட்டுவதற்கு வீட்டில் அனுமதி இல்லை. மேசை அகலம் 127 செ.மீ. அம்மா பக்கவாட்டு நாற்காலியில்தான் உட்காருவார்.

அளவுநாடா:
அம்மாவுக்கு இஞ்ச் முக்கியமில்லை, பேனல், அதாவது திரைப் பலகையின் வகை, முக்கியம். விஏ வகைப் பேனல் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளிறிப்போகும், ஐபிஎஸ் வகை அவ்வளவாக வெளிறாது. அப்புறம், பல டிவிகளுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும். அந்த இடைவெளி மேசைக்குள் அடங்குமா என்று விவரத்தாளில் பாருங்கள்.

அகலத்திரை:
நடுவில் ஒரே தாங்கி உள்ள மாடலும் உண்டு. மேசைக்காக டிவியைச் சுருக்குவார்களா?

நிதானம்:
தாங்கி நடுவில் இருந்தாலும் 65இன் திரை மேசைக்கு வெளியே பக்கத்துக்கு எட்டரை செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் ஆள் நடக்கிற வழி என்றால் 55ஐ எடுங்கள். படுக்கையறைக்கு 43 தாராளம், 7 அடியில் அதுவே 25 டிகிரி. இருட்டில் பெரிய திரை பளீரென்று எரிந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்க வேண்டாமா?

அகலத்திரை:
வெளிச்சத்தைக் குறைக்க ரிமோட் இருக்கிறது ஐயா. படுக்கையறைக்கும் 55தான்.