படித்தால் புரிகிறது, கேட்டால் முழிக்கிறார்கள்: சீன மாணவர்களை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
சீனாவில் மேல்நிலை வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வாசிப்புத் தாளில் பிள்ளைகள் வெளுத்து வாங்குகிறார்கள், ஆனால் அதைவிட எளிதான உரையாடலை ஒலிக்கவிட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். சிக்கல் காதிலா, மொழி அறிவிலா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1:
கேட்கவைத்த அதே பகுதியை அப்புறம் அச்சில் கொடுங்கள். படித்ததும் புரிந்துவிட்டால் சொல் தெரியாமல் இல்லை, ஒலியில்தான் சிக்கல். அவர்கள் பேசும் பொதுச் சீன மொழியான மாண்டரினில் எந்த அசையும் ட், க், ப் என்று முடியாது, அதனால் 'வாக்' (walk), 'வாக்ட்' (walked) இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகவே கேட்கலாம். நாலு வரி டிக்டேஷன் வையுங்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

பதில் 2:
சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவின் தேசியத் தாளையும் பாருங்கள். ஆங்கிலத்தின் 150 மதிப்பெண்ணில் வாசிப்புக்கு 50, கேட்டலுக்கு 30தான், அப்புறம் பிள்ளைகள் எதற்கு நேரம் ஒதுக்குவார்கள்? கேட்டல் பகுதியில் முதல் 5 குறு உரையாடல்கள் ஒரே முறைதான் ஒலிக்கும், மற்றவை இரண்டு முறை. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றே விடைகள் என்பதால் குருட்டாம்போக்கில் குறித்தாலும் மூன்றில் ஒன்று சரியாகும். தேர்ந்தெடுக்கும் கேள்வியை மட்டும் நம்பாமல், கேட்டதைச் சீன மொழியிலேயே இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள், புரிதல் மட்டும் தனியாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
டிக்டேஷன் வைத்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே சொல்லின் கடைசி ஒலியைத்தான் நிறைய பேர் விட்டிருக்கிறார்கள். இன்னொன்று, 'ஷி' வந்த இடத்தில் ஏழு பேர் 'ஹி' எழுதியிருந்தார்கள். அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் 'தா' ஒன்றுதானே!